இல்லாத அண்ணனின் மனைவி

மார்ச் 4

பாப்பாவுக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் உன் நெற்றி சுருங்கும். "ஏன், இவங்ககிட்ட போன் இல்லாமப் போச்சா?" என்று கேட்பாய். இல்லைதான். என் போன் இப்போது ஓர் அலுவலகத்தில் இருக்கிறது. அதனால்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. பாதியில் கிழித்துவிடாதே.

மிளகு என்னோடு இல்லை.

நன்றாக இருக்கிறாள், சாப்பிடுகிறாளாம். அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், கை முந்திக்கொண்டது. குழந்தைகள் நல அலுவலகத்தார் அவளைக் கூட்டிக்கொண்டு போய் வேறொரு வீட்டில் வைத்திருக்கிறார்கள்.

சென்ற வாரம் பள்ளியில் சறுக்குமரத்திலிருந்து விழுந்து தாடையைக் கிழித்துக்கொண்டாள். தையல் போட வேண்டும், அம்மாவைக் கூப்பிடட்டுமா என்று டீச்சர் கேட்டிருக்கிறாள். அம்மா இங்கே இல்லை, ஊரில் இருக்கிறார்கள் என்று இவள் தனக்குத் தெரிந்த அரைகுறை வார்த்தைகளில் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு அம்மா என்றால் நீதானே. நான் சலவைக்கூடத்திலிருந்து வேலை உடுப்போடு ஓடிப்போய் நின்றேன். "அண்ணி!" என்று கத்திக்கொண்டு வந்து காலைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அதில் எதுவும் விசேஷமாகத் தெரியவில்லை. பேச்சு வந்த நாளிலிருந்து அவள் பெற்றவளை அப்படித்தானே கூப்பிடுகிறாள்.

டீச்சர் மொழிபெயர்க்க ஓர் ஆளைப் போனில் பிடித்தாள். நம் மொழிதான் பேசினான், ஆனால் பாடப்புத்தகத்தை எழுந்து நின்று வாசிக்கிற மாதிரி. "இப்பெண்மணி உனக்கு என்ன உறவு?" என்றான். "அண்ணி" என்றாள். "உன் தாயார் எங்கே?" என்றான். "ஊர்ல. நாங்க வர்றப்போ அம்மா அழுதாங்க. அண்ணி என்னைத் தூக்கிட்டு வந்துட்டாங்க."

தூங்கிவழிந்தவளைத் தோளில் தூக்கிக்கொண்டு விமானம் ஏறினேன், அவ்வளவுதான். அவன் அதை எப்படி மாற்றிச் சொன்னானோ, டீச்சர் முகம் வெளிறிப்போனது. எனக்கு இந்த ஊர் மொழியில் நூறு வார்த்தை தெரிந்திருந்தால் அதில் அப்போது அவள் சொன்ன கடத்தல் என்பது ஒன்று. செய்தியில் அடிக்கடி வரும்.

சாயங்காலம் பச்சைக் கோட்டு போட்ட ஓர் அதிகாரி அம்மாள் வந்தாள். சத்தம் போடவில்லை, மரியாதையாகத்தான் பேசினாள். குழந்தையின் அண்ணன் எங்கே என்று கேட்டாள். எந்த அண்ணன் என்றேன். "நீங்கள் யாருடைய மனைவியோ அந்த அண்ணன்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது பாப்பா. சிரித்திருக்கக் கூடாது. அதையும் எழுதிக்கொண்டாள். இப்போது ஒரு பக்கம் அந்த இல்லாத அண்ணனைத் தேடுகிறார்கள்.

பாஸ்போர்ட்டைக் காட்டினேன். என் பெயருக்குப் பின்னால் என் அப்பா பெயர். மிளகு பெயருக்குப் பின்னால் உன் அண்ணன் பெயர். செத்துப்போன அவருடைய பெயருக்குப் பின்னால் உங்கள் அப்பா பெயர். ஒரு குடும்பம், மூன்று வால். இங்கே எல்லாருக்கும் ஒரே வால் இருக்க வேண்டும் போலிருக்கிறது. போனை வாங்கிப் பார்த்தார்கள். நான் கிளம்பிய அன்று நீ அனுப்பிய செய்தி அதில் இருந்தது. "என் பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிட்டீங்களே, நீங்க நல்லா இருப்பீங்களா?" அதை ஒரு மிஷினில் போட்டு மொழிபெயர்த்தார்கள்.

உனக்கு எழுதுவார்கள். நம் சண்டை நமக்குள்ளே இருக்கட்டும் பாப்பா. வெளியார் கேட்டால் உள்ளதைச் சொல்லு.

அண்ணி


மார்ச் 15

அண்ணிக்கு,

கிழிக்கவில்லை. படித்தேன். இரண்டாம் தடவை என் மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன், எனக்குக் கண் தெரியவில்லை.

முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். என் அண்ணன் போய் ஒரு வருடம்கூட முழுசாக ஆகவில்லை, அதற்குள் வேலை தேடினீர்கள், விசா வாங்கினீர்கள், ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் டிக்கெட்டை எடுத்து மேஜை மேல் வைத்தீர்கள். இந்த வீட்டில் நாங்கள் யார்? கட்டினவன் விட்டுப்போய் ஒரு பெண்ணோடு வந்து நின்றவள் நான், கல்யாணம் வேண்டாம் என்று சுற்றுகிற சின்னண்ணன், நீங்கள், மிளகு. நாலு துண்டு ஒட்டி ஒரு வீடு. அதில் ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு போனால் நான் வேறு எப்படி எழுதுவேன்? அழகாக, மிஷினுக்குப் புரிகிற மாதிரி எழுத வேண்டுமா?

என்னை அம்மா என்று கூப்பிட யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அதைக் குத்திக் காட்டாதீர்கள். என் மகள் என்னை அம்மா என்றாள், அவளைப் பார்த்து இவளும் சொன்னாள். நானும் சின்னண்ணனும் உங்களை அண்ணி என்றோம், பால் போடுகிறவர்கூட அண்ணி என்றுதான் குரல் கொடுப்பார், இவளும் அண்ணி என்றாள். காதில் விழுந்ததைத்தானே குழந்தை சொல்லும்? முதன்முதலாகச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தது நீங்கள்தான். என் அண்ணன் வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னாலெல்லாம் அவளிடம் "இவங்க யாருடா?" என்று கேட்டுச் சொல்ல வைத்துக் காட்டுவார். அப்போது அது வேடிக்கை.

சரி. கொட்டிவிட்டேன்.

இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணி. வேலையில் மனம் நிற்கவில்லை. பல் செட் செய்கிறவளுக்குக் கவனம் பிசகினால் என்ன ஆகும்? நேற்று ஒரு பெரியவருக்குக் கீழ்த்தாடையில் வைக்க வேண்டிய கடைவாய்ப் பல்லை மேலே பதித்துவிட்டேன். முதலாளி அதைப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டா அவர் தலைகீழா நின்னுதான் சாப்பிடணும்" என்றார். நான் அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய் மூன்று நாள் லீவு கொடுத்தார்.

அவளை யார் தூங்க வைக்கிறார்கள்? பக்கத்தில் படுத்திருக்கிறவர் காது மடலைப் பிடித்துக்கொண்டுதான் கண்ணை மூடுவாள், அதை அவர்களிடம் சொன்னீர்களா? பால் ஆறிப்போய் ஆடை படிந்தால் தொட மாட்டாள், சொன்னீர்களா? கோபம் வந்தால் பேச மாட்டாள், மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். யாராவது காலைப் பிடித்து இழுத்துவிடப் போகிறார்கள். அதையும் சொல்லுங்கள்.

தபால்காரர் வரும்போதெல்லாம் வாசலுக்கு ஓடுகிறேன். சீக்கிரம் எழுதுங்கள்.

பாப்பா


மார்ச் 27

பாப்பாவுக்கு,

வாரத்துக்கு ஒரு மணி நேரம் அவளைப் பார்க்கலாம். சுவரில் பாதி கண்ணாடி, அந்தப் பக்கம் பச்சைக் கோட்டு, இந்தப் பக்கம் நாங்கள், நடுவில் யாரோ விட்டுப்போன பொம்மை வண்டிகள். நம் மொழியில் பேசக் கூடாது. பேச வேண்டுமானால் மொழிபெயர்க்கிறவர் கூட இருக்க வேண்டும். முதல் வாரம் அவர் வரவில்லை. ஒரு மணி நேரம் வாயில்லாப் பூச்சி மாதிரி உட்கார்ந்து வண்டி ஓட்டினோம்.

முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருக்கிறார்கள். தாடையில் தழும்பு சின்னதுதான். அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று கை பரபரத்தது. தொடலாமா என்று யாரைக் கேட்பது என்று தெரியாமல் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். என் பிள்ளையைத் தொட!

இரண்டாம் வாரம் மொழிபெயர்க்கிறவர் நேரில் வந்தார். நல்ல பையன்தான், பெற்றோர் வீட்டில் நம் மொழி பேசவில்லையாம், வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டானாம். மிளகு வாசலிலேயே தயங்கி நின்றாள். நான் "வாம்மா, எங்கிட்ட வாம்மா" என்றேன். அவன் அதை அப்படியே பச்சைக் கோட்டிடம் சொன்னான். பச்சைக் கோட்டு பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். குழந்தை இவளை அண்ணன் மனைவி என்கிறது. இவள் குழந்தையை அம்மா என்கிறாள். இப்போது அவளுக்கு என் புத்தியின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. விளக்கினேன். பெண் குழந்தையைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவோம் என்றேன். "ஏன்?" என்றாள். யோசித்தேன் பாப்பா. உனக்குத் தெரியுமா ஏன் என்று?

அவளும் கல் நெஞ்சக்காரி இல்லை. சின்ன வயதில் அவளுக்கு ஓர் அப்பாவும், அம்மாவின் இரண்டாவது கணவரும் இருந்தார்களாம். இரண்டாமவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாளாம், அவர்தான் வளர்த்தாராம். "அப்ப உங்களுக்கே தெரியுமே" என்றேன். "ஆனால் அவரை நான் என் மைத்துனர் என்று சொன்னதில்லை" என்றாள்.

மிளகு இருக்கும் வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். அங்கே இரண்டு ஆண்கள். கல்யாணம் செய்துகொண்டவர்கள். ஒருவர் பேக்கரி வைத்திருக்கிறார், இன்னொருவர் கடிகாரம் பழுதுபார்க்கிறவர். பேக்கரிக்காரருக்கு முதல் கல்யாணத்தில் ஒரு மகள், ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் அவள் அம்மாவிடம். அந்தப் பெண் இருவரையும் அப்பா என்கிறாள். யாருக்கும் அதில் குழப்பம் இல்லை, எனக்கும் இல்லை. ஒரு பிள்ளைக்கு இரண்டு அப்பா இருக்கலாம் என்று புரிகிற ஊரில் இரண்டு அம்மா எப்படி வந்தார்கள் என்பதுதான் புரியவில்லை. காது மடல் விஷயத்தை, அவளைக் கொண்டுவந்து விட வந்த பேக்கரிக்காரரிடம் சைகையில் சொன்னேன். சொல்வதற்கு முன்பே அவர் தன் காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். தெரிந்திருக்கிறது.

அவர்கள் கெட்டவர்களாக இருந்தால் போய்க் கதவைத் தட்டிக் கத்தியிருப்பேன். நல்லவர்களாக இருக்கிறார்கள்.

ரத்தம் எடுத்திருக்கிறார்கள். முடிவு வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பச்சைக் கோட்டு சொன்னாள், யார் பெற்றது என்று ரத்தம் சொல்லும், யாரிடம் குழந்தை பயமில்லாமல் இருக்கிறது என்பதை நாங்கள்தான் பார்க்க வேண்டும் என்று.

அண்ணி


ஏப்ரல் 6

அண்ணிக்கு,

வந்துவிட்டது. தடித்த உறை, முத்திரை, நம் மொழியிலேயே அச்சடித்திருக்கிறார்கள். அந்தப் பையன்தான் எழுதியிருப்பான் போலிருக்கிறது. "தாங்கள் மேற்கண்ட குழந்தையின் தாயார் ஆவீர்களா?" ஆவீர்களாம்! சின்னண்ணன் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். பிறகு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து உட்காரவே இல்லை.

இருபதாம் தேதி ஒரு வக்கீல் அறையில் என்னை உட்கார வைத்துத் திரையில் பேச வைப்பார்களாம். மிளகும் திரையில் இருப்பாளாம். அவர்கள் கேட்பார்கள், நான் சொல்ல வேண்டும், அவள் முன்னாலேயே.

பூசி மெழுகத் தெரியாது எனக்கு, வெளிப்படையாக எழுதுகிறேன். ஆமாம் என்று சொல்லத் தோன்றுகிறது. இரண்டு நாளாக அந்த ஒரு வார்த்தைதான் மண்டைக்குள் ஓடுகிறது. ஆமாம் என்றால் விமானம் ஏற்றி அனுப்பிவிடுவார்கள், இந்த வீட்டு வாசலில் வந்து இறங்குவாள், அவள் தட்டு இன்னும் அலமாரியில் அப்படியே இருக்கிறது. கேட்டால் அது பொய்கூட இல்லை. நீங்கள் வேலைக்குப் போன நாளெல்லாம் குளிப்பாட்டி, ஊட்டி, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார்? என்னைத் தவிர யாரை அவள் அம்மா என்றாள்? உங்களுக்கே தெரியும். அது தெரிந்துதானே தூக்கிக்கொண்டு போனீர்கள்?

நீங்களே சொல்லுங்கள், நான் ஏன் இல்லை என்று சொல்ல வேண்டும்? சண்டைக்குக் கேட்கவில்லை. எனக்கு ஒரு காரணம் வேண்டும். பிடித்துக்கொள்ள ஒன்று.

என் மகள் பக்கத்திலிருந்து கேட்டாள். "நீ அவளுக்கு அம்மான்னா, அத்தை அங்க யாரும்மா?" நீங்கள் அவளுக்கு அத்தை அல்லவா, உங்களைத்தான் கேட்டாள். போய்ப் படி என்று விரட்டிவிட்டேன்.

பாப்பா


ஏப்ரல் 14

பாப்பா,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், இருபதாம் தேதிக்குள் உன் கையில் கிடைக்க வேண்டும்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. நான்தான் பெற்றவள். சலவைக்கூடத்தில் இஸ்திரி மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டு அதைக் கேட்டேன். கூட வேலை செய்கிறவள் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. எனக்குத் தெரியாததையா சொன்னார்கள்?

கடத்தல் என்கிற பேச்சு அதோடு போய்விட்டது. அதற்குப் பதிலாக வேறொன்று சொல்கிறார்கள். குழந்தை உன்னை அம்மா என்றும் என்னை வேறு யாரோ என்றும் நம்புவதால், நான் அவளிடம் ஏதோ மறைத்து, பயமுறுத்தி வைத்திருக்கிறேனாம். பெற்றவள் என்பதைக் குழந்தைக்குச் சொல்லாமலே வளர்த்தது ஏன் என்று கேட்கிறார்கள். மறைக்கவில்லை, யாரும் மறைக்கவில்லை, எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். என் வயிற்றைத் தொட்டு "நான் இங்கதான் இருந்தேன், இல்ல அண்ணி?" என்று கேட்பாளே! அதை அந்தப் பையன் மொழிபெயர்த்தால் என்ன ஆகுமோ என்று அதையும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் எந்த வார்த்தை எங்கே போய்க் குத்தும் என்று தெரியாமல் வாயைத் திறப்பதற்கே பயமாக இருக்கிறது.

போன வாரம் அவளிடம் "சாப்டியாம்மா?" என்றேன். அவள் இந்த ஊர் மொழியில் பதில் சொன்னாள். மொழிபெயர்க்கிறவன் அதைத் திரும்ப எனக்கு நம் மொழியில் சொன்னான். என் பிள்ளை சொன்னதை இன்னொருவன் எனக்குச் சொன்னான் பாப்பா. கிளம்பும்போது குனிந்து காதைக் காட்டினேன், பிடித்துக்கொள்ளட்டும் என்று. பச்சைக் கோட்டை ஒரு தடவை பார்த்தாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

முடிவு வர இன்னும் எத்தனை மாதமோ, வருடமோ. அதற்குள் அவளுக்கு நம் வார்த்தை ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடும். பிறகு நீயும் இருக்க மாட்டாய், நானும் இருக்க மாட்டேன்.

நீ காரணம் கேட்டாய். என்னிடம் இல்லை. நீ கேட்டது சரி, உனக்குப் பயந்துதான் கிளம்பினேன். என் பிள்ளை என்னைவிட உன்னிடம் ஒட்டிக்கொண்டதைப் பார்க்க முடியாமல்தான். அதனால் சொல்கிறேன். ஆமாம் என்று சொல்லிவிடு. அவள் நம் வீட்டில் உன் பக்கத்தில் படுத்துத் தூங்கட்டும். நான் எப்படியோ போகிறேன். மாற்றிச் சொல்லாதே, ஆமாம் என்று சொல்லு.

அண்ணி


ஏப்ரல் 21

அண்ணி,

உங்கள் தபால் இன்று காலை வந்தது. நேற்றே எல்லாம் முடிந்துவிட்டது.

நான் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

உட்காருங்கள், படியுங்கள். வக்கீல் அறை சின்னது, பழைய கோப்புகளின் வாசனை. என்னோடு என் மகள் வந்தாள். போவதற்கு முன் வக்கீலிடம் கேட்டேன், ஆமாம் என்றால் குழந்தையை அனுப்பிவிடுவார்களா என்று. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யார் சொன்னது? நீங்க ஆமாம்னா அந்தம்மா பொய் சொன்னாங்கன்னு ஆகும். ரத்தம் அவங்கன்னு சொல்லுது, அப்ப நீங்க பொய்னு ஆகும். ரெண்டு பேரும் பொய்யின்னா குழந்தை அங்கேயேதான் இருக்கும்." காரணம் கேட்டேன் அல்லவா, கிடைத்துவிட்டது.

ஆனால் அதற்காக மட்டும் சொல்லவில்லை. திரை வெளிச்சமானதும் நீங்கள் ஓர் ஓரத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. எலும்பாகப் போய்விட்டீர்கள். நான் பார்த்தது உங்களுக்குத் தெரியாது, நீங்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அவள் என்னைப் பார்த்ததும் நாற்காலி மேல் ஏறி நின்றாள். "அம்மா! அம்மா!" என்று திரையைத் தடவினாள். அந்தப் பையன் கேள்வியைப் படித்தான். நான் சொன்னேன். "இல்லங்க. நான் இவளுக்கு அத்தை. அப்பாவோட தங்கச்சி. அங்க உக்காந்திருக்காங்களே, அவங்கதான் அம்மா." அவள் சிரித்தாள். விளையாடுகிறேன் என்று நினைத்தாள். "மிளகு, நான் அத்தைடா" என்றேன். மூன்று தடவை சொல்ல வைத்தார்கள், எழுதிக்கொள்வதற்கு.

மூன்றாம் தடவை அவள் சிரிக்கவில்லை. என்ன கேட்டாள் தெரியுமா? நீங்களும் கேட்டிருப்பீர்கள். "நான் என்ன தப்பு பண்ணேன்?"

பிறகு இறங்கி மேஜைக்கு அடியில் போய்விட்டாள். திரையில் அவள் இருந்த இடத்தில் வெறும் நாற்காலி தெரிந்தது. நல்லவேளை, யாரும் காலைப் பிடித்து இழுக்கவில்லை. நீங்கள் தரையில் உட்கார்ந்து உள்ளே கையை நீட்டியது தெரிந்தது. அதற்குள் இந்தப் பக்கம் இணைப்பு போய்விட்டது. கையைப் பிடித்தாளா? அதை மட்டும் எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போகவில்லை. ஆமாம் என்று சொல்லச் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ, எனக்கே தெரியவில்லை. உங்கள் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். அது இருந்தால் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

நான் செய்தது சரியா அண்ணி?

பாப்பா


மே 19

பாப்பாவுக்கு,

பிடித்தாள். ஒரு விரலை மட்டும். அதைத்தான் பச்சைக் கோட்டு கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அதற்குப் பிறகு மூன்று வாரம் என்னென்னவோ கேட்டார்கள், யார் யாரோ வந்தார்கள், கடைசியில் சென்ற வெள்ளிக்கிழமை மிளகைக் கொண்டுவந்து விட்டார்கள்.

வந்துவிட்டாள் பாப்பா. இதை எழுதும்போது மேஜையின் மறுபக்கம் உட்கார்ந்து வண்ணம் தீட்டுகிறாள். பேக்கரிக்காரர்தான் தன் வண்டியில் கூட்டிவந்தார், பெட்டி நிறைய ரொட்டியோடு. படியிறங்கும்போது அந்த மனிதர் அழுதார். மிளகு அவருக்கு ஜன்னலிலிருந்து கையாட்டினாள். அவர்கள் வீட்டுக்கு எப்போதாவது போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். அவளுக்கு இன்னும் இரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள், இருக்கட்டும்.

நீ சரியாகத்தான் செய்தாய். அதை முதலில் எழுதிவிட வேண்டும் என்று நினைத்து, பார், இதிலும் பிந்திவிட்டேன்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். பயப்படாதே. நான் பயந்துகொண்டிருக்கிறேன், ஒரு வீட்டுக்கு ஒருவர் போதும்.

அவள் என்னை அம்மா என்கிறாள். வாசலிலேயே, பச்சைக் கோட்டு என் கையில் ஒப்படைக்கும்போதே, முகத்தை நிமிர்த்தி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி "அம்மா" என்றாள். பச்சைக் கோட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு குழந்தை தன் அம்மாவைக் கூப்பிடும்போது நடுவில் நிற்கிறவர் முகத்தையா பார்க்கும்? இவள் பார்த்தாள். சரியாகச் சொன்னேனா என்று பார்த்தாள்.

கடையில் அம்மா, பஸ்ஸில் அம்மா, டீச்சர் முன்னால் ஒரே வாக்கியத்தில் நாலு தடவை அம்மா. எத்தனை வருடம் அந்த வார்த்தைக்காக ஏங்கினேன் என்று உனக்குத் தெரியாது, நானும் காட்டிக்கொண்டதில்லை. இப்போது அதைக் கேட்டாலே பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறேன். தூங்கும்போது என் காதைப் பிடிப்பதில்லை. தன் காதையே பிடித்துக்கொள்கிறாள். ஒரு நாள் சாப்பாட்டின் நடுவில் கேட்டாள், "தப்பா சொன்னா மறுபடியும் கூட்டிட்டுப் போவாங்களா?" இல்லை என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை. நானே நம்பிச் சொல்லவில்லையே, அவள் எப்படி நம்புவாள்?

உன் படத்தைக் காட்டி, இவங்களை எப்பவும் போலக் கூப்பிடலாம் என்று சொன்னேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். நீ அவளுக்கு எழுதும்போது அத்தை என்று கையெழுத்துப் போடாதே பாப்பா. ஒன்றும் போடாமல் விடு. அவளே ஒரு நாள் வைத்துக்கொள்ளட்டும்.

இன்று மதியம் பச்சைக் கோட்டு சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். இன்னும் கொஞ்ச காலம் இப்படி வருவாளாம். அலமாரியைத் திறந்து பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், மிளகிடம் ஏதோ கேட்டாள். இவள் நாற்காலியில் நேராக உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, அம்மா அம்மா என்று பதில் சொன்னாள். அந்த அம்மாள் திருப்தியாகக் கோட்டை மாட்டிக்கொண்டு போனாள். படியில் செருப்புச் சத்தம் ஓய்கிறவரை நாங்கள் இருவரும் அசையவில்லை.

பிறகு மிளகு எழுந்து போய்க் கதவைத் தள்ளிப் பார்த்தாள். சாத்தியிருக்கிறதா என்று கைப்பிடியைத் திருகினாள். என்னிடம் வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு, என் காது மடலைப் பிடித்து, அதற்குள் வாயை வைத்து, காற்று மாதிரி ஒரு சத்தத்தில் சொன்னாள்.

"அண்ணி."

அவளைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தேன். திரையை இழுத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான், அவள் காதில், "என்னம்மா?" என்றேன்.

அண்ணி